அக்காவின் காலில் நான் வைத்த கொப்புளம்

“…அப்ப எங்க இருக்குது அந்தக் கொப்புளம்? எனக்கும் ஒருக்காக் காட்டு தம்பி. என்ர காலில வந்தது எனக்கே தெரியாமப் போச்சே! இடது கால் எண்டுதானே எழுதியிருக்கிறாய்? இந்தா இடது கால். வடிவாப் பார்.”

அடுத்த வளவு அக்காவின் கதை எப்போதும் அவருக்கு முன்னால் வந்துவிடும். படலையில் தொடங்கிய கதை பாதி முடிந்த பிறகுதான் ஆள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். நான் ஒரு படகு எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தேன். இரண்டு கையிலும் மண்ணெண்ணெய். எனக்கு முன்னால் கிடந்த கதிரையில் இடது காலைத் தூக்கி வைத்து, சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்தபடி நின்றார். பார்த்தேன். வெடிப்பு இருந்தது, கடற்கரை மணல் இருந்தது. கொப்புளம் இல்லை. வந்து ஆறிய அடையாளமும் இல்லை.

“ஒரு வருசமாச்சே அக்கா, ஆறியிருக்கும்.”

“வந்தாத்தானே ஆறும்!”

அந்த நேரத்திலும், இதைக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. என் வியாதி அப்படி. தொழில் எஞ்சின் திருத்துவது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் யாராவது வாய்க்கு வந்ததை நல்லபடி சொல்லிவிட்டால் காது நிமிர்ந்துவிடும். முந்தல் பஸ்ஸில் கொண்டக்டர் ஒருவர், “பின்னுக்குப் போங்க, பின்னுக்கு ஒரு ஊரே காலியாக் கிடக்கு” என்றார். இறங்கியதும் எழுதினேன். எஞ்சின் கொண்டுவந்த ஒருவர், “நல்ல எஞ்சின் தம்பி, ஸ்டார்ட் வராது, அவ்வளவுதான்” என்றார். அதையும் எழுதினேன். இப்படி மூன்று கொப்பி நிறைந்திருந்தது.

யுத்தம் முடிந்து சில வருசங்களில் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஞாபகம் எழுதத் தொடங்கினார்கள். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட எழுத ஏதோ இருந்தது. இடம்பெயர்ந்து வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட ஓர் ஆசிரியர் சிறு சஞ்சிகை ஒன்று நடத்தினார். “பெரிய எழுத்தாளர் வேண்டாம், ஞாபகம் உள்ள ஆள் போதும்” என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாத இடங்களில் வேறொன்று இருந்தது. அதற்குப் பெயர் எனக்கு அப்போது தெரியாது.

முதல் கட்டுரையிலேயே அந்த வேறொன்று வேலையைக் காட்டிவிட்டது. வாடைக் காற்று வீசும் மாதத்தில் நடந்த ஒரு கதைக்கு நான் தெற்கிலிருந்து வருகிற சோளகத்தை வீசவைத்தேன். சோளகம் என்ற சொல் அந்த வசனத்தில் அழகாக இருந்தது. ஊரில் கரைவலை இழுப்பவர்கள் வாசித்துவிட்டு, “நீ எழுதின காத்துக்குக் கடலுக்குப் போனா நேராக் கற்பிட்டியிலதான் ஏறவேணும்” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காற்றுத்தானே, அதற்கு மானம் இல்லை, வீடு வாசல் இல்லை.

அக்காவுக்கு இரண்டும் இருந்தன.

விசயம் இதுதான். எங்கள் ஊரான உடப்பில் ஆடி மாதத் திருவிழா பதினெட்டு நாள். அந்த நாட்களில் ஊரில் மீன், மச்சம் இல்லை. கடற்கரையில் பிறந்து, மீனில் வளர்ந்து, மீனால் மணக்கிற ஓர் ஊர் அத்தனை நாளும் பருப்பும் பூசணிக்காயுமாக இருக்கும். கடைசியில் நேர்த்தி வைத்தவர்கள் தீ மிதிப்பார்கள். விரதம் சுத்தமாக இருந்தவரை நெருப்புத் தொடாது என்பது ஊரின் கணக்கு. ஒருவர் காலில் கொப்புளம் வந்தால் யாரும் மருந்து கேட்கமாட்டார்கள். என்ன தின்றாய் என்றுதான் கேட்பார்கள்.

அக்கா கோயில் அன்னதானச் சமையலில் பெரிய பானைக்குப் பொறுப்பு. அடுப்பு மூட்டுவதிலிருந்து சோறு இறக்குவதுவரை அவர் சொல்தான். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, சமையற்கட்டுக்குத் தலைமையான பெரியம்மா நாலைந்து பெண்களோடு வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். வெற்றிலை கொடுத்தால் அந்த வருசம் சமையலில் கை வைக்கலாம். கொடுக்காவிட்டால் வைக்கக் கூடாது. வேறு கடிதம், கையெழுத்து ஒன்றும் இல்லை.

முந்தின வருசத் தீமிதிப்பை நான் சஞ்சிகைக்கு எழுதினேன். அக்கா நெருப்பில் இறங்கி ஏறியதை எழுதினேன். பெயர் போடவில்லை. ‘பெரிய பானைக்குப் பொறுப்பான அக்கா’ என்று மட்டும் போட்டேன். பெயர் போடாததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் இருந்த பெரிய பானை ஒன்றுதான்.

ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். நல்லாயிருக்கிறது, முடிவு மட்டும் காணாது என்று பென்சிலால் எழுதியிருந்தார். நானும் ஒரு முடிவு வைத்தேன்: அக்கா நெருப்பைக் கடந்து பாற்குழியில் கால் நனைக்கிறார், இடது பாதத்தில் ஒரு கொப்புளம், முத்துப்போல, அதைப் பார்த்துவிட்டு அக்கா மெல்லச் சிரிக்கிறார்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார், அந்தக் கொப்புளத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே தெரிகிறதாம். நான் அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சஞ்சிகை ஊருக்கு வந்தது ஒரே ஒரு பிரதி. ஆனால் அது போகாத வீடில்லை. அடுத்த கிழமை வெற்றிலைத் தட்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. காலை பத்து மணி இருக்கும். அக்கா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வாசலில் நின்றார். தட்டு நிறைய வெற்றிலை. பெரியம்மா முன்னுக்கு, மற்றவர்கள் பின்னுக்கு. அக்காவின் படலையைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டுக்குப் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன்.

மறுநாள்தான் அக்கா கதிரையில் கால் வைத்தது.

“பதினாறு வருசம் அந்தப் பானையில நிண்டவள் நான்” என்றார். இப்போது குரல் இறங்கியிருந்தது. “புருசன் செத்த வருசம் மட்டுந்தான் போகேல்ல. இண்டைக்குக் கிணத்தடியில ஒருத்தி கேக்கிறாள், ‘போன முறை சோத்தில என்ன கலந்தது அக்கா, உன்ர கை பட்டதுதானே எல்லாரும் திண்டது’ எண்டு. நீ அந்தக் கொப்புளத்தை என்ர காலில வைக்கேல்ல தம்பி. என்ர பானையில வச்சிட்டாய்.”

“நான் வந்து சொல்லுறன் அக்கா.”

“வாயால சொன்னா ஆர் நம்புவா? எழுத்தில போட்டதை எழுத்தில எடு. எழுதி, எனக்கு முதல் வாசிச்சுக் காட்டு. பிறகு கொண்டுபோய் பெரியம்மாவுக்கு முன்னால வாசி.”

சஞ்சிகையின் அடுத்த இதழ் வர மூன்று மாதம். திருவிழாவுக்கு ஒன்பது நாள். கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். அக்கா எதிரே பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

எழுதுவதற்குமுன் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொப்புளம் முழுப் பொய்யில்லை. அந்தத் தீமிதிப்பில் ஒரு காலில் கொப்புளம் வந்தது. அது என் கால். நானும் அன்று இறங்கியிருந்தேன். விரதத்தின் பதினோராம் நாள் எஞ்சின் சாமானுக்குச் சிலாபம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மாலுபாண் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் வைத்த முக்கோணப் பாண். அந்த மணத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, வர்ணித்து வர்ணித்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன். ஒன்று வாங்கினேன். பாதி தின்றேன், மனம் உறுத்தியது, மீதியைக் காகத்துக்கு வீசிவிட்டு பஸ் ஏறினேன். ஏழு நாள் கழித்து நெருப்பில் இறங்கினேன். காரணம் மாலுபாணோ, நான் பயத்தில் காலைத் தேய்த்து நடந்ததோ, எனக்குத் தெரியாது. இடது பாதத்தில் ஒரு கொப்புளம், முத்துப்போலவே. ஒரு கிழமை செருப்பு மாட்டிக்கொண்டு, ஆணி குத்திவிட்டது என்று சொல்லித் திரிந்தேன்.

பிறகு எழுதும்போது அந்தக் கொப்புளம் கையில் இருந்தது. இறக்கி வைக்க ஒரு கால் தேவைப்பட்டது.

முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: ‘அன்பார்ந்த ஊர் மக்களே, அலைகள் சாட்சியாகச் சொல்கிறேன்…’

“அலையை விடு” என்றார் அக்கா. “அதுக்கு வேற வேலை இருக்கு.”

அலையை எடுத்தேன். இரண்டாவதில், ‘அச்சுப் பிழை காரணமாகக் கொப்புளம் என்று வந்துவிட்டது’ என்று எழுதினேன்.

“அச்சுக்கூடத்துக்காரர் உனக்கு என்ன செஞ்சவர்? சரி, பிழை எண்டா, அந்த இடத்தில என்ன சொல்லு வரவேண்டியது?”

அந்தத் தாளையும் கிழித்தேன்.

மூன்றாவதில் கொஞ்சம் துணிந்தேன். ‘அன்று கொப்புளம் வந்தது இந்த அக்காவுக்கு அல்ல, வேறொருவருக்கு’ என்று எழுதி வாசித்தேன். நல்ல வசனம் என்றுகூட நினைத்தேன்.

“ஆருக்கு?”

“அது… வேற ஒராள்.”

“அண்டைக்கு இறங்கினதில பாதிப் பேர் பொம்பிளையள். என்ர தலையில இருந்து எடுத்து அவளவை எல்லார்ர தலையிலயும் வைக்கப் போறியா? வேற ஒராள் எண்டா அவருக்கு ஒரு கால் இருக்கும்தானே. ஆற்ர கால்?”

மண்ணெண்ணெய்த் தட்டில் ஒரு சின்ன ஆணி கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து, திரும்பத் தட்டிலேயே போட்டேன்.

“என்ர” என்றேன்.

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு சமையல்காரி. முதலில் கேட்டது சமையல் கேள்வி.

“என்ன திண்டனி?”

“மாலுபாண்.”

“எங்க?”

“சிலாபத்தில. பஸ் நிலையத்தடியில.”

“எத்தினை?”

“ஒண்டில பாதி.”

“மற்றப் பாதி?”

“காகத்துக்குப் போட்டன்.”

“காகம் எங்க நிண்டது?”

பாருங்கள், அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கடை வாசல் முழுக்கத் தகரக் கூரை, அதற்குக் கீழே நெருக்கமாக மூன்றுசில்லு வண்டிகளும் ஆட்களும். காகத்தை நிறுத்த எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

“முழுசாத் திண்டனான் அக்கா.”

மேலே உங்களுக்கும் பாதி என்றுதான் எழுதியிருக்கிறேன். திரும்பிப் போய்த் திருத்தலாம். திருத்தாமல் விடுகிறேன். ஒரு மனிதன் தன் குற்றத்தைத் தானே எழுத உட்கார்ந்த பிறகும், கை தானாகப் போய் அதில் பாதியைக் காகத்துக்கு வீசிவிடும். அக்கா எதிரே இல்லாதபோது அந்தக் காகம் இப்போதும் பறந்துகொண்டுதான் இருக்கும்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். “கடற்கரை வாடியில குவிஞ்சு கிடக்குது மீன். ஒரு வருசம் முழுக்க அதைத்தான் திங்கிறாய். போயும் போயும் பாணுக்குள்ள வச்ச மீனுக்கா…!” கண்ணைத் துடைத்தார். திடீரென்று நிறுத்திக் கேட்டார்:

“அண்டைக்குப் பாற்குழியடியில நான் சிரிச்சனானா?”

“இல்ல.”

“என்ன செஞ்சனான்?”

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. நெருப்பிலிருந்து ஏறி, பாலில் கால் வைத்த அடுத்த கணம் அக்கா சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்: “அடியே, சோத்தை இறக்கினீங்களாடி?” சுற்றி நின்றவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அரோகராவுக்கு மேலால் அந்தக் குரல் போனது. உள்ளே இருந்து ஒருத்தி, “ஓம் ஓம், இறக்கியாச்சு!” என்று திருப்பிக் கத்தினாள். பிறகுதான் அக்கா கும்பிட்டார்.

அதைச் சொன்னேன்.

“பின்ன ஏன் அதை எழுதேல்ல?”

“அது… சின்னக் கதை மாதிரிக் கிடந்தது அக்கா.”

“ஊருக்கே வச்ச சோறு அடிப்பிடிக்கிறது சின்னக் கதை. உன்ர கொப்புளம் பெரிய கதை. என்ன?”

கொண்டக்டர் சொன்னதை எழுதினேன், எஞ்சின்காரர் சொன்னதை எழுதினேன். மூன்று கொப்பி நிறைய ஊர் வாயைச் சேர்த்தவன், தலைக்குமேலால் போன மிக நல்ல வாசகத்தை விட்டுவிட்டு ஒரு முத்தைத் தேடியிருக்கிறேன். பேனையை எடுத்தேன். நாலாவது கடிதம் ஆறு வரிதான் வந்தது. அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டார், இன்னொருமுறை கேட்டார். “போ” என்றார். “நான் வரேல்ல. வந்தா நான் சொல்லித் தந்ததெண்டு சொல்லுவாளவை.”

பெரியம்மா வீட்டு முற்றத்தில் பெண்கள் சாக்கு விரித்து, அன்னதானத்துக்கு வந்த அரிசியைச் சுளகில் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. பெண்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஆணுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. கடிதம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வாசித்தேன்:

‘போன வருசத் தீமிதிப்பு பற்றி நான் எழுதியதில் அக்காவின் காலில் கொப்புளம் என்று போட்டது பொய். அவர் காலில் ஒன்றும் வரவில்லை. கொப்புளம் வந்தது எனக்கு. விரதத்தில் நான் சிலாபத்தில் ஒரு மாலுபாண் தின்றேன். முழுதாகத் தின்றேன். அக்கா நெருப்பிலிருந்து ஏறியதும் கேட்டது, சோற்றை இறக்கினீங்களா என்று.’

மூலையில் இருந்த ஒருத்தி, “ஓம், கேட்டவதான். நான்தானே இறக்கியாச்செண்டு சொன்னனான்!” என்றாள். இன்னொருத்தி மெதுவாக, “மாலுபாண்” என்றாள். அந்த ஒரு சொல் போதும். சிரிப்பில் சுளகு கவிழ்ந்தது. ஒருத்தி அரிசிச் சாக்கிலேயே சாய்ந்துவிட்டாள். அன்றைக்கு விழுந்த பட்டம் இன்றும் என்னோடு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட எஞ்சின் கொண்டுவரும்போது, மாலுபாண் மாமா நிற்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள்.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தைக் கேட்டு வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

“நெருப்புப் பிழை விடேல்ல” என்றார். “நீதான் விட்டனி. இந்த முறை நீ இறங்காத. வெளியில நிண்டு வாறவைக்குத் தண்ணி ஊத்து.”

“ஓம் பெரியம்மா.”

“இதை அந்தப் புத்தகத்திலயும் போடு.”

“ஓம் பெரியம்மா.”

“இப்ப என்னோட வா. பொய் சொன்ன வாயும் கூட வரட்டும்.”

தட்டில் வெற்றிலை அடுக்கினார்கள். பின்னேர வெயிலில் பெரியம்மா முன்னுக்கும், நாலு பெண்கள் நடுவிலும், நான் கடைசியிலுமாக ஒழுங்கையில் நடந்தோம். வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. அக்கா எங்களைக் கண்டு வாசலுக்கு வந்தார். பாயை எடுத்து விரித்தார். பெரியம்மா உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், தட்டை முன்னால் வைத்தார்.

கடிதத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

“பிள்ள, நேத்தே வந்திருக்கவேணும். இந்தப் பக்கம் வரேக்க இருட்டிப்போச்சு. தட்டில வெத்திலையும் முடிஞ்சுபோச்சு. நீ ஒண்டும் நினைக்காத.”

பின்னால் நின்ற நாலு பெண்களும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். காலை பத்து மணி வெயிலும், தட்டு நிறைந்த வெற்றிலையும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். என் காகத்தை நிற்க விடாதவர். எந்த வீட்டோடு வெற்றிலை முடிந்தது என்று இப்போது கேட்பார், எத்தனை மணிக்கு இருட்டியது என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“ஓம் பெரியம்மா, தெரியும்தானே” என்றார் அக்கா. “உங்களுக்கும் வேலை கூட.”

தட்டை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, பின்பக்கம் சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவலை அளவாக வைத்து மடித்தார். பெரியம்மாவுக்கு முன்பற்கள் இல்லை. மடித்ததை மறுபடி பிரித்து, சீவலைப் பாக்குவெட்டியால் இன்னும் பொடியாக நறுக்கி, திரும்ப மடித்து அவர் கையில் கொடுத்தார்.